கைமாத்து

பக்கத்துக்கு நானூறு ரூபாய்,
முத்திரையும் கையெழுத்தும் சேர்த்து.
மதுரை ஜில்லா கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடை மாடியில்
தமிழை இங்கிலீஷாக்கித் தருவது என் பிழைப்பு.

தங்கப்பழம் அண்ணாச்சி மஞ்சப்பையைக் கவிழ்த்தார்.
இருபத்து நாலு பக்கம்.
கீழமாசி வீதியில் கடை, அவனியாபுரத்தில் உளுந்து உடைக்கும் மில்,
டல்லஸில் மகன்.
இருக்கிற வரிசையில் நின்றால்
பேரனுக்கு மீசை நரைத்தாலும் கார்டு வராதாம்.
மகன் பேரில் எட்டு லட்சம் டாலர் போட்டால்
வேறு வரிசை.
எவனோ கட்டப்போகிற முந்நூறு அறை விடுதி,
அதில் பத்துப் பேருக்கு இந்தப் பணம் வேலை தரவேண்டும்,
அது அங்கத்துச் சட்டம்.
மில்லில் பதினொரு பேர்.
மில் பத்திரம் இப்போது பேங்கில்.

பணம் எங்கிருந்து வந்தது,
அந்தப் பணம் எங்கிருந்து வந்தது,
அதற்கு முந்தின பணம்?
கிணறு வெட்டுகிறவன் மாதிரி
ஊற்றுக்கண் வரைக்கும் கேட்கிறார் அமெரிக்க வக்கீல்.

தாய்ப்பத்திரம் அறுபத்தொன்றாம் வருஷத்தது.
ஒத்தக்கடையில் ரெண்டு ஏக்கர் பத்து சென்ட்.
வண்டிப்பாதைக்குத் தெற்கு,
சோலையப்பன் புஞ்சைக்கு வடக்கு,
கண்மாய்க் கரைக்கு மேற்கு,
யானைமலை ஓடைக்குக் கிழக்கு.
இதற்குள்பட்ட மாவடை மரவடை
நிதி நிக்ஷேபம் ஜலம் தரு பாஷாணம்...
நிக்ஷேபத்துக்குப் புதையல் என்று போட்டேன்,
பாஷாணத்துக்குக் கல்.
மிச்ச போகங்களை
'இதர உரிமைகள்' என்று ஒரு வரியில் முடித்தேன்.
பக்கக் கணக்கில் எனக்குத்தான் நட்டம்.
"விக்கலை, அடமானம்தான்"
அண்ணாச்சி மூன்று தடவை சொன்னார்.
நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் பக்கம் பேங்க் தாள்.
நாற்பது லட்சம் வரவு,
காஜா மைதீன், துவரம்பருப்பு மொத்த வியாபாரம்.
எதிர்க்கடை.
"இது என்ன அண்ணாச்சி?"
"கைமாத்து."

கடன் என்று போட்டால்
வட்டி எங்கே, ஈடு எங்கே என்பார் வக்கீல்.
அன்பளிப்பு என்று போட்டால்
திருப்பித் தரக் கூடாது.
அண்ணாச்சி தருவார்.
எப்போது?
"கையில வந்ததும்."
அன்று அந்த ஒரு சொல்லுக்காக
நான் புரட்டின அகராதிப் பக்கங்களுக்கு
யாரும் நானூறு தரப்போவதில்லை.

மூன்றாம் நாள் பாய் வந்தார்,
படியேறி, மூச்சு வாங்க.
முப்பது வருஷம் கிலோவுக்கு எட்டணா குறைத்துக் குறைத்து
ஒருவர் வயிற்றில் ஒருவர் அடித்த தெரு அது.
ஏன் என்று நான் கேட்கவில்லை, வக்கீல் கேட்டிருந்தார்.
"காலையில கேட்டாரு, மத்தியானம் போட்டுவிட்டேன்.
ஏன் கொடுத்தேன்னு வேற எழுதணுமா?"
ஆமாம் பாய்.
"எப்பத் தருவாருன்னும்?"
ஆமாம்.
ஜன்னல் வழியே கோர்ட்டு வேப்பமரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
அதன் கீழே யாரோ யாருக்கோ
பிராமணப் பத்திரம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.
"வட்டி நான் வாங்க மாட்டேன், அது வேற விஷயம்.
தேதி போட்டா
நாள் எண்ணுவேனே தம்பி."

தேதி போட்டோம்.
மூன்று வருஷம், மார்ச் முப்பத்தொன்று.
அண்ணாச்சி கையெழுத்து, பாய் கையெழுத்து,
அதன் மேல் என் முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.
இறங்கும்போது குறுகின படியில்
நீங்க முன்னால, இல்லை நீங்க, என்று
வழிவிட்டுக்கொண்டார்கள்
புதுச் சம்பந்திகள் மாதிரி.

என் ஒன்பதாயிரத்து அறுநூறு
இன்னும் வரவில்லை.
கையில் வந்ததும் தருவதாக அண்ணாச்சி சொன்னார்.
நான் எதையும் எழுதி வாங்கவில்லை,
தேதியும் கேட்கவில்லை.
இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.